தற்கொலைத் தடுப்பில் அரசின் கொள்கை: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4, தமிழ்நாட்டில் அது 25.9. தாய்சேய் நலத்திலும் தடுப்பூசியிலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தில் இந்த விகிதம் மட்டும் இவ்வளவு உயர்ந்திருப்பது, தற்கொலைத் தடுப்பை மருத்துவத் துறையின் ஒரு கிளைப் பணியாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்கு அடையாளம்.

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரம் இந்தச் சிக்கலை ஆராய ஏற்ற இடம். 2019 நவம்பர் 28 வரை ஒரே மாவட்டமாக இருந்த இப்பகுதி இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. தற்கொலை மரணங்களை வீடு வீடாகச் சென்று கணக்கிட்ட முன்னோடி ஆய்வுகள் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில்தான் நடந்தன. தோல் பதனிடும் டேனரிகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பி வாழும் கூலிக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அரசின் திட்டங்கள் எங்கே எட்டுகின்றன, எங்கே எட்டுவதில்லை என்பதைக் காட்டும் உரைகல்லாகவும் இருக்கிறார்கள்.

கணியம்பாடியின் கணக்கு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நல மருத்துவத் துறை, ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழ்ந்த கணியம்பாடி ஒன்றியத்தில் பிறப்பு, இறப்பு அனைத்தையும் நெடுங்காலமாகப் பதிந்து வருகிறது. ஓர் ஊரில் ஒருவர் இறந்தால் அந்த ஊரிலேயே குடியிருக்கும் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளருக்கு முதலில் தெரியும். அவர் சொல்லும் தகவலைச் சுகாதார உதவியாளரும் செவிலியரும் சரிபார்ப்பார்கள். பிறகு மருத்துவர் குடும்பத்தாரிடம் பேசி இறப்பின் காரணத்தை உறுதிசெய்வார். வாய்மொழி மரண ஆய்வு எனப்படும் இம்முறையில் வழக்குக்கு அஞ்சி மறைக்க வேண்டிய தேவை குறைவு. கேட்பவர் காவலர் அல்ல, நாள்தோறும் தெருவில் பார்க்கும் பெண்.

இம்முறையில் 1994 முதல் 1999 வரை திரட்டிய தரவு 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95.2 என்று அது காட்டியது. அதே காலத்தில் காவல்துறைப் பதிவுகளின்படி நாட்டின் விகிதம் ஏறத்தாழ 11தான். 2004இல் லான்செட் இதழில் வந்த அடுத்த ஆய்வு 10 முதல் 19 வயது வரையிலானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. பெண்களிடையே லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். 2000 முதல் 2002 வரையிலான தொடர் ஆய்விலும் மொத்த விகிதம் லட்சத்துக்கு 92.1 என்றே வந்தது.

ஓர் ஒன்றியத்தின் எண்ணை மாநிலம் முழுமைக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் பதிவுக்கும் உண்மைக்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு என்பது பின்னர் நாடு தழுவிய அளவிலும் உறுதியானது. 2010ஆம் ஆண்டில் காவல்துறைப் பதிவில் ஏறத்தாழ 1,35,000 தற்கொலைகள் இருந்தன. வாய்மொழி மரண ஆய்வை அடிப்படையாகக் கொண்ட பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு அதே ஆண்டுக்கு 1,87,000 என்று மதிப்பிட்டது. தென்மாநிலங்களில் விகிதம் கூடுதல் என்பதையும் அது காட்டியது.

நோய் மட்டும்தானா?

மேலை நாடுகளில் தற்கொலையால் இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மனநோய் இருந்ததாகப் பல ஆய்வுகள் கூறிவந்தன. அந்த முடிவைப் பின்பற்றினால் மனச்சோர்வைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதே தடுப்புப் பணியின் மையமாகும். கணியம்பாடித் தரவு வேறு விதமாகப் பேசியது. தற்கொலையால் இறந்த 100 பேரையும் ஒப்பீட்டுக்காக 100 பேரையும் எடுத்துக்கொண்டு வேலூர் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. இறந்தவர்களில் 37 பேருக்கு மட்டுமே மனநோய் என வகைப்படுத்தத்தக்க நிலை இருந்தது. அதிலும் மதுவுக்கு அடிமையாதல் 16 பேரிடமும், வாழ்க்கை நெருக்கடியைத் தாங்க முடியாமல் ஏற்படும் மனக்கோளாறு 15 பேரிடமும் காணப்பட்டன. கடும் மனச்சோர்வு 2 பேரிடம்தான். தீராத நெருக்கடி, நாள்பட்ட உடல்வலி, தனிமை, உறவு முறிவு ஆகியவை அபாயத்தைக் கூட்டின.

இந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப், இந்தியா போன்ற நாடுகளில் தற்கொலைத் தடுப்பு முதலில் மக்கள் தொகை முழுவதையும் கருதும் பொதுக் கொள்கையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு வந்தார். மனநல சிகிச்சை வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. சிகிச்சை தேவைப்படுவோர் பலருக்கு அது கிடைப்பதே இல்லை. 2015–16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதைக் கண்டது. சிகிச்சையை விரிவாக்குவதும் நெருக்கடியைத் தணிப்பதும் ஒன்றாகவே நடக்க வேண்டியவை.

குற்றத்திலிருந்து பராமரிப்புக்கு

தற்கொலை முயற்சி நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. சட்ட ஆணையம் 2008இல் தன் 210ஆம் அறிக்கையில் பிரிவை நீக்கப் பரிந்துரைத்தது.

2017இல் நிறைவேறி 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் போக்கை மாற்றியது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. தற்கொலையைக் குறைக்கத் திட்டமிடுவதை 29ஆம் பிரிவு அரசின் பொறுப்பாக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யும் முயற்சி மட்டுமே அதன் 226ஆம் பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது.

சட்டம் மாறிய வேகத்தில் அச்சம் மறையவில்லை. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று தயங்கி, நேர்ந்ததை விபத்து என்று சொல்லிச் சேர்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படிச் சேர்க்கப்பட்டவருக்கு உடலுக்கான சிகிச்சை கிடைக்கும். மனநல ஆலோசனை கிடைக்காமல் போகும். ஒருமுறை முயன்றவருக்கு அடுத்த சில மாதங்களில் அபாயம் கூடுதல் என்பதால் இந்த மறைப்பின் விலை பெரிது.

மருத்துவ ஏற்பாடுகள்

வேலூரில் மனநல மருத்துவத்துக்கு நெடிய மரபு உண்டு. 1957இல் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் தொடங்கியது. கனடா நாட்டு மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அதை உருவாக்கினார். பூட்டிய காப்பகங்கள் வழக்கமாக இருந்த காலத்தில் இங்கே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கினார்கள். கூடவே சமைத்து, கூடவே உறங்கி, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது, எந்த அறிகுறி கண்டால் திரும்ப அழைத்து வருவது என்பதைக் குடும்பம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியது. இந்த முறையின் அருமை 2001 ஆகஸ்ட் 6 அன்று நாட்டுக்கு வேறு வழியில் உறைத்தது. அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள்.

அரசுத் தரப்பில் 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு அமர்ந்து, குறிப்பிட்ட நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்வது இதன் அமைப்பு. 2014இல் தேசிய மனநலக் கொள்கையும், 2019இல் தமிழ்நாட்டின் மனநலக் கொள்கையும் வந்தன. 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை தொடங்கியது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயர் பெற்றது. நாடெங்கும் அதற்கு வந்த அழைப்புகள் 2025இல் 20 லட்சத்தைத் தாண்டின.

2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டது. 2030க்குள் தற்கொலை மரணங்களை 10 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. மூன்று ஆண்டுகளில் கண்காணிப்பு முறை, ஐந்து ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களிலும் மனநலப் புறநோயாளர் பிரிவு, எட்டு ஆண்டுகளில் எல்லாக் கல்வி நிலையங்களிலும் மனநலப் பாடம் என்று அது காலக்கெடு வகுத்தது. நாட்டுக்கு என ஒரு தடுப்பு உத்தி எழுத்தில் வந்தது இதுவே முதல் முறை. ஆனால் மூன்று கெடுக்களையும் நிறைவேற்ற வேண்டியவை மாவட்டங்கள். அதற்கான ஆளும் பணமும் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தால்தான் உத்தி உயிர் பெறும்.

நச்சுப் பொருள்களைக் கைக்கெட்டாமல் வைத்தல்

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் உச்சத்துக்குச் சென்று தணிவது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். பிழைத்தவர்களில் மிகப் பலர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நான்கு முக்கிய நடவடிக்கைகளில் இது முதலாவது. பொறுப்பான செய்தி வெளியீடு, வளரிளம் பருவத்தினருக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி, நெருக்கடியில் இருப்போரை விரைவில் கண்டறிந்து உதவுதல் ஆகியவை மற்ற மூன்று.

இதற்கு இலங்கையே பெரிய சான்று. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை 1995இலும் 1998இலும் அந்நாடு தடை செய்தது. 2005க்குள் விகிதம் பாதியாகக் குறைந்தது. போரும் வேலையின்மையும் நீடித்த காலத்திலேயே இது நடந்தது, விளைச்சலும் குறையவில்லை.

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறையைச் சென்னையின் சிநேகா அமைப்பு சோதித்துப் பார்த்தது. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய அமைப்பு அது. 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனைக்கு 60 நாள் தடை விதித்தது. எலி ஒழிப்பு மருந்து விற்பனையிலும் கட்டுப்பாடுகள் வந்தன. தற்காலிகத் தடையால் நிலையான பலன் வராது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதால், மாநிலத்தின் முயற்சி அதோடு நின்றுவிடுகிறது. இலங்கை செய்ததை இந்தியா செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் முன்வர வேண்டும்.

கடன், மது, சூதாட்டம்

தோல் வட்டாரத்தின் நெருக்கடிகளில் கடன் முதன்மையானது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் குழுக் கடன் வாங்காத தெரு அரிது. வாரத் தவணை நாளில் ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். எனவே வசூலிக்க வருபவரின் சொல்லோடு அண்டை வீட்டாரின் கோபமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வதும் வழக்கம். இது மானப் பிரச்சினையாக மாறும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003இல் சட்டம் இயற்றியது. 2025இல் நுண்கடன் நிறுவனங்கள் உள்ளிட்ட கடன் வழங்குவோரின் வன்முறை வசூலைத் தடுக்கும் சட்டம் வந்தது. மிரட்டல், பின்தொடர்தல், வெளியாட்களை அனுப்புதல் ஆகியவை சிறைக்குரிய குற்றங்கள் ஆயின. இவ்விரண்டும் பெயரளவில் நிதி தொடர்பான சட்டங்கள். விளைவில் தற்கொலைத் தடுப்புச் சட்டங்களும்கூட.

மதுவைப் பொறுத்தவரை, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டன. இறந்த 100 பேரில் 16 பேர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்ற கணியம்பாடிக் கணக்கில் அவர்களின் மனைவி மக்கள் பட்ட துயரம் சேரவில்லை. மது விற்பனை வருவாயில் குறிப்பிட்ட பங்கை மாவட்டந்தோறும் மதுமீட்பு சிகிச்சைக்கு ஒதுக்குவது அரசின் தார்மிகக் கடமை.

இணையவழிச் சூதாட்டத்தில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் தொடர்ந்ததால் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று 2022இல் மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

பள்ளியும் தேர்வும்

தேர்வு முடிவு வரும் நாள்கள் தமிழ்நாட்டில் அச்சத்துக்குரியனவாக இருந்தன. தோல்வியடைந்தவர்கள் ஓராண்டைத் தொலைக்காமல் உடனே மறுதேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு அந்த அச்சத்தின் கடுமையைக் குறைத்தது. இதற்காக வாதாடிய அமைப்புகளில் சிநேகாவும் ஒன்று. 2017இல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. நீட் எழுதும் மாணவர்களை 104 உதவி எண் மூலம் ஆலோசகர்கள் தாங்களே அழைத்துப் பேசுகிறார்கள். 2022 டிசம்பரில் ‘மனம்’ திட்டத்தின் வழியே மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கின. மறுதேர்வுக்கு ஆன செலவு சிறிது. அது தந்த இரண்டாவது வாய்ப்பு பெரிது. கொள்கையில் ஒரு சிறு திருத்தம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

பதிவில் இல்லாதவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியில் ஷூ கம்பெனி வேலைக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி. கம்பெனிக்குள் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாவிட்டால் இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளர் சட்டங்களின்படி நல அலுவலர், குழந்தைக் காப்பறை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலியல் தொல்லைக்கு எதிரான உள் புகார்க் குழு ஆகியவையும் இருக்க வேண்டும். மனநல ஆலோசனையை இந்த அமைப்புகளோடு இணைக்கப் புதிய சட்டம் தேவையில்லை.

கம்பெனிக்கு வெளியே இன்னொரு உழைப்பு நடக்கிறது. இடைத்தரகர் காலையில் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பகுதித் தோல்களை, வாசற்படியில் அமர்ந்து ஊசியால் தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரலும் தோளும் முதுகும் ஓயாமல் வலிக்கும். ஆர்டர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. 2020 ஊரடங்கிலும், இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 விழுக்காடு வரி விதித்தபோதும் ஏற்றுமதியை நம்பிய இந்த வட்டாரம் ஆட்டம் கண்டது. ஆர்டர் நின்றாலும் வாரத் தவணை நிற்பதில்லை. நாள்பட்ட வலியும் தீராத நெருக்கடியும் கணியம்பாடி ஆய்வு சுட்டிய அபாயங்கள். இரண்டும் இந்த வாசற்படியில் ஒன்றுசேர்கின்றன.

இந்தப் பெண்ணின் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இல்லை. அதனால் இ.எஸ்.ஐ. இல்லை, நல அலுவலர் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலையால் இறந்தோரில் தினக்கூலிகள் 42,004 பேர். இல்லத்தரசிகள் 23,179 பேர். வீட்டில் அப்பர் தைத்த பெண் இறந்தால் அவர் இரண்டாவது தலைப்புக்குள் சென்றுவிடக்கூடும். உழைப்பு பதிவாகாததால் அவர் இறப்பின் காரணமும் பதிவாகாது. காரணம் பதிவாகாத இடத்தில் திட்டமும் பிறப்பதில்லை.

சுற்றுச்சூழல் இழப்பும் இதே வகையைச் சேர்ந்தது. டேனரிக் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே பிரச்சினையில் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் வலியுறுத்தி உத்தரவிட வேண்டியிருந்தது. நிலம் கெட்ட விவசாயி கூலியாக மாறியதன் மனச்சுமையை எந்த இழப்பீட்டுப் பட்டியலும் கணக்கில் எடுத்ததில்லை.

செய்ய வேண்டியவை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் தமிழ்நாட்டில் பலன் தந்த அல்லது தரக்கூடிய நடவடிக்கைகளில் மறுதேர்வு கல்வித் துறையைச் சேர்ந்தது. நச்சுக் கட்டுப்பாடு வேளாண் துறையைச் சேர்ந்தது. வசூல் தடுப்பு நிதியையும் காவலையும் சேர்ந்தது. இவற்றை மாவட்ட அளவில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு யாருக்கும் தனியாக இல்லை. ஆட்சியர் தலைமையில் சுகாதாரம், காவல், வேளாண்மை, கல்வி, தொழிலாளர் துறைகள் சேர்ந்து, ஒவ்வொரு தற்கொலை மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராயும் குழு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அமைய வேண்டும். கணியம்பாடியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஒன்றிய அளவில் செய்து காட்டிய பதிவு முறையை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்களைக் கொண்டு மாவட்ட அளவில் செய்ய முடியும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தரும் அதே பெண், உறக்கம் வருகிறதா, தவணைக்கு யாராவது நெருக்குகிறார்களா என்று கேட்கவும் பயிற்சி பெறலாம். வீட்டில் அப்பர் தைப்போரைத் தொழிலாளர் நல வாரியத்தில் முழுமையாகப் பதிவு செய்வதும் இதன் பகுதியே.

செய்தி வெளியிடுவோருக்கும் பொறுப்பு உண்டு. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வெளியிட்ட நெறிகள், தற்கொலைச் செய்தியை முதன்மைப்படுத்துவதையும் முறையை விவரிப்பதையும் ஒற்றைக் காரணம் கற்பிப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன. உதவி எண்ணைச் சேர்ப்பது அவற்றின் எளிய பகுதி.

கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச 14416 எண்ணும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உள்ளன. நெருக்கடியில் இருப்பவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக் கவலைப்படும் உறவினரும் நண்பரும் உடன் வேலை செய்பவரும் அழைக்கலாம். தற்கொலை பெரும்பாலும் தடுக்கத்தக்கது. உரிய நேரத்தில் ஒருவர் விசாரிப்பதும், விசாரித்தவர் கைகாட்ட ஒரு சேவை அருகில் இருப்பதும் அதற்குப் போதும். முதலாவது சமூகத்தின் கடமை, இரண்டாவது அரசின் கடமை.